பத்து பேர் வேலை செய்யும் இடமா? டெல்டா முதலாளிகளுக்கான மருத்துவக் காப்பீட்டு வழிகாட்டி

எழுபத்திரண்டு என்ற எண்ணை நான் மறக்கமாட்டேன். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கும் பகுதியில் வேலை பார்த்த ஒருவருக்குப் பிப்ரவரி மாதம் மஞ்சள் காமாலை வந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். முதலாளி இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். ஆனாலும் விடுப்புக் காலத்துக்கான உதவித்தொகை அந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. காரணம், அரசு போர்ட்டலில் அவர் பெயருக்கு நேராக மாதம் 12 நாள் வேலை என்று பதிவாகியிருந்தது. ஆறு மாதத்துக்கு 72 நாள். சட்டம் கேட்பது 78.

அவர் உண்மையில் அந்த ஆறு மாதத்தில் நூற்றைம்பது நாளுக்கு மேல் நெல் அவித்திருக்கிறார். கொடுத்த கூலி குறைந்தபட்ச ஊதியக் கணக்கோடு பொருந்த வேண்டும் என்று, முன்பு கணக்கு எழுதியவர் நாள்களைக் குறைத்துப் போட்டிருந்தார். ஆறே ஆறு நாள். அந்தக் குடும்பம் நகையை அடகு வைத்துத்தான் அந்த இரண்டு மாதத்தைக் கடந்தது.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும், இ.எஸ்.ஐ, பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) வேலைகளும் பார்க்கிறேன். பாத்திரப் பட்டறை, ஜவுளிக்கடை, ஹோட்டல், தனியார் பள்ளி, அரிசி ஆலை எல்லாம் என் கணக்கில் உண்டு. தொழிலாளிக்குச் சேர வேண்டியது சேராமல் போன இடங்களில் பெரும்பாலும் பணம் கட்டப்பட்டே இருந்தது. விதி முதலாளிக்குத் தெரியவில்லை, அல்லது முதலாளிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குச் சொல்லப்படவில்லை. இந்த வழிகாட்டி முதலாளிகளுக்கும், அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும்.

முதல் படி: ஆள்களை எண்ணுங்கள்

பத்து பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. இருபது பேர் என்றால் பி.எஃப். இது எல்லாருக்கும் தெரியும். யாரையெல்லாம் எண்ண வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது.

"எனக்கு நிரந்தர ஆள் ஏழு பேர்தான்" என்பார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர், தினக்கூலி, காலையில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மா, இரவுக் காவலர் எல்லாரும் எண்ணிக்கையில் வருவார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் ஜவுளிக்கடைகளில் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு விற்பனைக்குச் சேர்க்கப்படும் பெண்களும் வருவார்கள். அந்த ஒரு மாதத்தில் எண்ணிக்கை பத்தைத் தொட்டுவிட்டால் நிறுவனம் இ.எஸ்.ஐ-க்குள் வந்துவிடுகிறது. பொங்கலுக்குப் பிறகு ஆள் குறைந்து ஆறாகிவிட்டது என்பதற்காக வெளியே வர முடியாது. ஒருமுறை வந்த நிறுவனம் தொடர்ந்து அதற்குள்தான் இருக்கும்.

சட்டம் பொருந்தத் தொடங்கிய 15 நாளுக்குள் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இணையத்திலேயே நடக்கிறது, கட்டணம் கிடையாது. பத்துக்குக் குறைவாக ஆள் இருந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாகவே சேர்ந்துகொள்ளப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழி செய்கிறது. சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் ஐந்தாறு பேரை வைத்து உலையோடு வேலை செய்யும் பட்டறைக்காரர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சம்பளக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுகிறவர் இ.எஸ்.ஐ-யில் வருவார். மாற்றுத்திறனாளி என்றால் 25,000. இந்த வரம்பு 2017 ஜனவரி முதல் இருந்துவருகிறது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 14,000 ரூபாய் ஊதியத்துக்கு நீங்கள் 455 ரூபாய் போட வேண்டும், அவரிடம் 105 ரூபாய் பிடிக்க வேண்டும். மொத்தம் 560. உங்கள் 455-ஐ எந்தப் பெயரிலும் அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். சராசரி நாள் கூலி 176 ரூபாய் வரை உள்ளவரிடம் பிடித்தமே இல்லை, உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும்.

சம்பள உயர்வு கொடுக்கும் மாதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இ.எஸ்.ஐ ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிந்திருக்கிறது: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஜூன் மாதம் மேற்பார்வையாளருக்குச் சம்பளம் 20,000-லிருந்து 23,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடக் கூடாது. செப்டம்பர் 30 வரை முழு 23,000-க்கும் கட்டியாக வேண்டும். அக்டோபரில்தான் அவர் வெளியே வருகிறார். அந்த அக்டோபர் முதல் தேதியிலேயே அவருக்கு வேறு காப்பீடு தயாராக இருக்க வேண்டும். உயர்வைக் கொடுத்து மகிழ்வித்துவிட்டு, மருத்துவப் பாதுகாப்பு கையைவிட்டுப் போகப்போவதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் பெரிய தீங்கு.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை அவை உள்ளடக்குகின்றன. அவற்றில் ‘ஊதியம்’ என்பதற்கு ஒரே வரையறை. வீட்டு வாடகைப் படி, பயணப் படி, மிகைநேரப் படி போன்றவை ஊதியத்தில் சேராது; ஆனால் அவை எல்லாம் கூடி மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். மொத்தம் 20,000, அடிப்படைச் சம்பளம் 7,000, படிகள் 13,000 என்றால், பாதியான 10,000-க்கு மேல் இருக்கும் 3,000 ஊதியத்தில் சேர்ந்து 10,000 ஆகிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையில் வாங்குவது 21,000-க்கு மேல் இருந்தாலும், இந்த வரையறைப்படி ஊதியம் வரம்புக்குள் விழுகிறவர்கள் இருக்கலாம்.

மூன்றாம் படி: சேர்ந்த அன்றே பெயரைப் பதியுங்கள்

"ஒரு மாதம் ஓடட்டும், நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்." இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வேலையில் நேரும் விபத்துக்கு இ.எஸ்.ஐ பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. 78 நாள் கணக்கு எதுவும் அதற்குக் கிடையாது. பெல்ட்டில் விரல் மாட்டுவது புதிய ஆளுக்குத்தான் அதிகம் நடக்கிறது. விபத்து நடந்த பிறகு பதிந்த பெயரை அதிகாரிகள் உடனே கண்டுகொள்வார்கள். உங்கள் தவறால் தொழிலாளிக்கு உதவி குறைந்தால், இ.எஸ்.ஐ கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பதியும்போது பெயர் விஷயத்தில் பொறுமை வேண்டும். நம் ஊரில் அப்பா பெயர் ஒரு முதலெழுத்து. ஆதாரில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் முன்னால் இருக்கும், பி.எஃப் பதிவில் அப்பாவின் முழுப் பெயரே விரிந்து நிற்கும். ஒரு பாத்திரப் பட்டறைத் தொழிலாளி தன் இ.எஸ்.ஐ அடையாளத் தாளை நான்காக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வியர்வையில் மடிப்புகள் கிழிந்து, எண் மட்டும் தெரிந்தது. அதில் பிறந்த ஆண்டு ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. கண் அறுவைக்குப் பரிந்துரை வாங்கப் போன இடத்தில் அதைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திருத்தம் முடிய ஐந்து வாரம் ஆனது.

ஆகவே ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடியே பதியுங்கள். மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரின் பெயரையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். குழந்தை பிறந்தால், திருமணம் நடந்தால், உடனே வந்து சொல்லும்படி சேரும் நாளிலேயே சொல்லிவையுங்கள். குடும்பம் வேறு ஊரில் இருந்தால், அவர்களுக்கு அந்த ஊர் இ.எஸ்.ஐ மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோட்டல்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: நாள்களை நாள்களாகவே எழுதுங்கள்

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்துக்கான இ.எஸ்.ஐ தொகையைக் கட்ட வேண்டும். பி.எஃப்-க்கும் அதே 15 தான். தாமதித்தால் இ.எஸ்.ஐ-யில் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதன்மேல் அபராதம். கடைசி நாளில் போர்ட்டல் திணறும். 10-ஆம் தேதியைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதைவிட முக்கியம், ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் ஊதியம் கொடுத்தீர்கள் என்று போர்ட்டலில் நிரப்புவது. ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால்தான், அதற்கு இணையான பயன்காலத்தில் நோய்க்கால உதவி கிடைக்கும். ஏப்ரல்–செப்டம்பர் உழைப்புக்கு அடுத்த ஜனவரி–ஜூன் பயன்காலம். அக்டோபர்–மார்ச் உழைப்புக்கு ஜூலை–டிசம்பர். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பயன்காலம் ஒன்பது மாதம் கழித்துத் தொடங்குகிறது.

டெல்டாவில் இந்தக் கணக்கு தனிக் கவனம் கேட்கிறது. இங்கே வேலை சீராக ஓடுவதில்லை. சம்பா, தாளடி அறுவடை முடிந்து நெல் குவியும் மாதங்களில் ஆலைகள் இரவு பகலாக ஓடும். பிறகு வேலை மெலியும். சுமை இறக்குகிறவர் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தொடர்ந்து வந்தாலே 78-ஐத் தொட்டுவிடுவார். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அவருக்கு அது காவல். நீங்கள் பத்து நாளைக் குறைத்து எழுதினால் அந்தக் காவல் அவர் அறியாமலே பறிபோகிறது. ஒவ்வொரு செப்டம்பர் 20-ஆம் தேதியும் மார்ச் 20-ஆம் தேதியும் எல்லார் பெயருக்கும் நாள்களைக் கூட்டிப் பார்ப்பேன். 70-க்கும் 78-க்கும் இடையில் யாராவது நின்றால், அவருக்கு மீதி நாள்களில் வேலை கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்பேன். கேட்டவர்களில் ஒருவர்கூட மறுத்ததில்லை.

வருகைப் பதிவேட்டைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கம் என் வாடிக்கையாளர் ஒருவரின் ஓட்டுக் கட்டட அலுவலகம் கூரையிழந்தது. கட்டிய ரசீதுகளைப் போர்ட்டலிலிருந்து மறுபடி எடுத்துவிட்டோம். வருகைப் பதிவேடு சேற்றோடு போனது போனதுதான். மாதக் கடைசியில் பதிவேட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: தொழிலாளிக்குச் சொல்லுங்கள்

சம்பளத்தில் 105 ரூபாய் பிடிக்கிறார்கள் என்பது தொழிலாளிக்குத் தெரியும். அந்த 105 எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. "ஏதோ ஆஸ்பத்திரிக்கு" என்பார்கள். கீழே உள்ளவற்றை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டு, சாப்பிடும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒரு பக்கம்.

மருத்துவம்: தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருந்தகத்தில் தொடங்கி அறுவை வரை. இவ்வளவுதான் என்ற பண உச்சவரம்பு இல்லை. முதலில் மருந்தகம், அங்கிருந்து பரிந்துரை பெற்று, திருச்சி இ.எஸ்.ஐ மருத்துவமனைக்கோ ஒப்பந்த மருத்துவமனைக்கோ போகலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பக்கத்து மருத்துவமனைக்கே போகலாம். உடனே மருந்தகத்துக்கும் முதலாளிக்கும் தகவல் சொல்லி, எல்லாக் காகிதங்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

நோய்க்கால உதவி: சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. நாள் கூலி 500 என்றால் நாளொன்றுக்கு 350, 91 நாளுக்கு 31,850 ரூபாய். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை.

மகப்பேறு: 26 வாரம், முழு ஊதியம். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் இருந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். இந்தப் பணத்தைக் கழகம் கொடுக்கிறது. ஜவுளிக்கடை முதலாளிகள் சிலர், கர்ப்பமான பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினால் செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். செலவு உங்களுடையதே இல்லை. மகப்பேறு விடுப்பிலோ நோய் விடுப்பிலோ இருப்பவரை நீக்குவது சட்டவிரோதமும்கூட.

விபத்து: வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் கூலியில் 90 சதவீதம். நிரந்தர ஊனத்துக்கு மாத உதவி. இறந்தால் சார்ந்தோருக்கு மாத உதவி, இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய்.

சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. சம்பளம் கொடுக்கும் நாளில் ஐந்து நிமிடம் எல்லாரையும் நிறுத்திவைத்து, மாதம் ஒரு பயனை மட்டும் வாயால் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். பட்டறையில் மூத்த மேஸ்திரி ஒருவர் சொன்னால் முதலாளி சொல்வதைவிட நன்றாகக் காதில் ஏறும். அவருக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். ஒரு கடையில் நான் இப்படிப் பேசி முடித்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, அப்படியானால் அம்மாவுக்கு டயாலிசிஸ் அதில் பார்ப்பார்களா?" என்று கேட்டார். நான்கு ஆண்டாக அந்தக் கடையில் இருக்கிறார். நான்கு ஆண்டாகப் பிடித்தமும் நடக்கிறது. அம்மாவுக்காக மாதாமாதம் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அம்மாவின் பெயரைச் சேர்த்தோம்.

ஆறாம் படி: விபத்து நடந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

முதலில் மருத்துவமனை. பிறகு விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், சாட்சி. விபத்து அறிக்கையை, உயிருக்கு ஆபத்தோ உறுப்பிழப்போ நேரக்கூடிய காயம் என்றால் உடனடியாகவும், மற்றவற்றுக்கு விதி குறிக்கும் கெடுவுக்குள்ளும் இணையத்தில் அனுப்பிவிட வேண்டும்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், இதில் சேரும். விடியற்காலை மூடுபனியில் மொபெட்டில் ஆலைக்கு வருகிறவர்கள் நிறைந்த ஊர் இது. வழக்கமான வழி எது, பணிநேரம் எது என்பது உங்கள் பதிவேட்டில் தெளிவாக இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவி கிடைக்கும்.

இ.எஸ்.ஐ-க்குள் வராத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுத்துவையுங்கள்.

ஏழாம் படி: வரம்புக்கு மேல் உள்ளவர்களுக்குக் குழு பாலிசி

முதலில் ஒரு தெளிவு. குழு மருத்துவ பாலிசி (ஊழியர்களுக்குச் சேர்த்து நிறுவனம் எடுப்பது) எடுத்துவிட்டால் இ.எஸ்.ஐ கட்ட வேண்டாம் என்று சில முகவர்கள் சொல்லித் திரிகிறார்கள். தவறு. 21,000-க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ கட்டாயம். குழு பாலிசி அதற்கு மேல் உள்ளவர்களுக்கு.

பாலிசி வாங்கும்போது பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா? தனிநபர் பாலிசியில் அது அதிகபட்சம் 36 மாதம் இருக்கலாம். குழு பாலிசியில் பெரும்பாலும் பேசி நீக்கிவிடலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு இல்லை என்றாகிவிட்ட நாளில் இதைப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோர் சேர்வார்களா? மகப்பேறுக்கு எவ்வளவு? தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் எந்தெந்த மருத்துவமனைகளில் ரொக்கமில்லாச் சிகிச்சை? சென்னைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் திருத்துறைப்பூண்டிக்காரருக்கு உதவாது.

அறை வாடகை வரம்பைத் தனியாகக் கவனியுங்கள். அண்மையில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு நடந்தது இது. காப்பீட்டுத் தொகை 2 லட்சம், அறை வாடகை அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 2,000. அவர் 4,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தார். பில் 80,000: அறை 16,000, மருத்துவர் மற்றும் அறுவை அரங்கக் கட்டணம் 40,000, மருந்து 24,000. அறைக்குப் பாதிதான் கொடுத்தார்கள். அறை வகையைப் பொறுத்து ஏறும் என்பதால் மருத்துவர், அரங்கக் கட்டணத்துக்கும் பாதிதான். மருந்துக்கு இந்த வெட்டு கிடையாது. 52,000 வந்தது, 28,000 அவர் கையிலிருந்து போனது. இந்த விதி பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாலிசி வந்த அன்றே "அறை வாடகை 2,000-க்குள்" என்று ஒரு வரியை எல்லாருக்கும் அனுப்பியிருந்தால் அந்தப் பணம் அவரிடமே இருந்திருக்கும்.

ஆண்டு நடுவில் சேருகிறவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது அடுத்த சிக்கல். நிறுவனத்தின் பெயரில் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு முன்வைப்புக் கணக்கு இருக்கும். சி.டி கணக்கு என்பார்கள். புதியவரைச் சேர்க்கும்போது பிரீமியம் அதிலிருந்து கழியும். அதில் பணம் இல்லாவிட்டால், நீங்கள் பெயரை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாலும் அவருக்குக் காப்பீடு தொடங்காது. மாதந்தோறும் 15-ஆம் தேதி இ.எஸ்.ஐ கட்டும்போதே சி.டி இருப்பையும் பாருங்கள். பிறந்த குழந்தையையும் புதிதாக மணமுடித்த துணையையும் சேர்க்கப் பாலிசியில் நாள் கெடு இருக்கும்; அதையும் சுவர்த்தாளில் எழுதுங்கள்.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு மருத்துவமனை கோரிக்கை அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஊழியர் படுக்கையில் இருக்கும்போது இந்த நேரக் கணக்கைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால், ஊழியர் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பிரீமியத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள். ரொக்கமாகக் கட்டினால் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது.

எட்டாம் படி: இரண்டிலும் சேராதவர்களை விட்டுவிடாதீர்கள்

ஐந்து பேர் உள்ள சிறு கடை, வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டிலிருந்து பட்டு நெய்து தரும் குடும்பங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் அட்டை. ஒரு நாள் கூலியோடு விடுப்புக் கொடுத்து அனுப்புங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்திலும் பதியச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: விதி மாறும்போது பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு நீள நோட்டை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்தி: செய்தி என்ன, எந்த அரசாணை அல்லது சுற்றறிக்கை, எந்த நாளிலிருந்து, நம்மில் யாருக்குப் பொருந்தும், நாம் என்ன செய்தோம். செய்தியை எங்கே கேட்டாலும், இ.எஸ்.ஐ, பி.எஃப், காப்பீட்டு ஆணையம் ஆகியவற்றின் சொந்த இணையதளத்தில் பார்த்த பிறகே இரண்டாம் பத்தியை நிரப்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி இல்லை என்று செய்தி வந்தது. பல முதலாளிகள் அடுத்த புதுப்பித்தலுக்கு 18 சதவீதத்தைக் கழித்தே பணம் ஒதுக்கிவிட்டார்கள். விலக்கு தனிநபர், குடும்ப பாலிசிகளுக்குத்தான்; நிறுவனம் எடுக்கும் குழு பாலிசிக்கு வரி தொடர்கிறது. "யாருக்குப் பொருந்தும்" என்ற நான்காம் பத்தி இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

புதிய சட்டத் தொகுப்புகளிலிருந்து நோட்டில் ஏற வேண்டியவை: எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம், 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை, குறித்த காலத்துக்கு எனப் பணியமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை. உடல் பரிசோதனைக்கு வேலை மெலிந்திருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கண், காது, நுரையீரல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உமித் தூசியிலும் பித்தளைப் புகையிலும் பத்து ஆண்டு நின்றவர்களுக்கு அது தேவை.

புதுப்பித்தல் நாளுக்கு 45 நாள் முன்பே குழு பாலிசியின் கோரிக்கை அறிக்கையை வாங்கிவிடுங்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எதை மறுத்தார்கள் என்று அதில் தெரியும். பேரம் பேச அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

பத்தாம் படி: வேலையை விட்டுப் போகிறவருக்கு

கடைசி நாளில் கணக்குத் தீர்க்கும்போது மூன்று விஷயங்களை வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள். குழு பாலிசிப் பாதுகாப்பு வேலையோடு நின்றுவிடுகிறது. அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம், காலம் தாழ்த்தக் கூடாது. இ.எஸ்.ஐ-யில் 78 நாள் முடித்திருந்தால், அந்த உழைப்புக்குரிய பயன்காலம் அவர் வேலையை விட்ட பிறகும் வரும். அடுத்த முதலாளியிடம் பழைய இ.எஸ்.ஐ எண்ணையே கொடுக்க வேண்டும். புதிய எண் போட்டால் பழைய நாள்கள் சேராது.

ஓய்வு பெறுகிறவராக இருந்தால் ஒன்று கூடுதலாக. குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ-யில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். போன மாதம் ஒரு பாத்திரக் கடையில் முப்பது ஆண்டு பித்தளைக்கு மெருகு போட்ட பெரியவர் ஓய்வு பெற்றார். முதலாளி அவருக்கு வேட்டி, பழத்தட்டோடு, முதல் ஆண்டுக்கான அந்த 120 ரூபாயைத் தன் கையால் கட்டி, ரசீதையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.